மைனஸ் போட்டுக் கேட்டால் மெமரியையே அள்ளிக் கொடுத்த கெர்னல்

யூனிக்ஸ் மாதிரி ஆபரேட்டிங் சிஸ்டங்கள்ல கெர்னலுக்குத் தனி மெமரி, நாம ஓட்டுற ப்ரோக்ராமுக்குத் தனி மெமரி. நடுவுல பலமான சுவர். கெர்னல்கிட்ட இருக்கிற தகவல் நமக்கு வேணும்னா, அதுவா எடுத்து நம்ம பஃபர்ல போட்டாத்தான் உண்டு. அந்த வேலையைச் செய்யற ஃபங்ஷன் பேரு காப்பிஅவுட். 1970கள்ல பிடிபி-11 மெஷின்ல யூனிக்ஸ் ஓடின காலத்துலேர்ந்து இருக்கிற பழைய ஆள்.

காப்பிஅவுட்டுக்கு மூணு விஷயம் சொல்லணும்: எங்கேருந்து, எங்கே, எத்தனை பைட். கொட்டப்போற இடம் நம்ம எல்லைக்குள்ளதான் இருக்கான்னு அது பார்த்துக்கும். ஆனா எத்தனை பைட் கொடுக்கலாம்னு முடிவு பண்றது அதைக் கூப்பிடற கெர்னல் கோடுதான். வில்லங்கமே அங்கதான்.

1983ல 4.2பிஎஸ்டி வந்தப்ப கூடவே சாக்கெட்டும் வந்தது. அதுல கெட்பியர்நேம்னு ஒரு சிஸ்டம் கால். எதிர்முனையில இருக்கிறவரோட முகவரியைச் சொல்லும். 'என் பஃபர் இவ்வளவு பெரிசு'ன்னு நீளத்தை நாமதான் கொடுக்கணும். அந்த நீளம் இன்ட் வகை. அதாவது மைனஸ் எண்ணும் போகும்!

இப்ப 2002 ஆகஸ்டுக்கு வருவோம். ஃப்ரீபிஎஸ்டி குழு ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டாங்க. கெட்பியர்நேம், கெட்சாக்நேம், அக்செப்ட் மூணுலயும், கூடவே வீசா கிராஃபிக்ஸ் சம்பந்தப்பட்ட ஒரு அழைப்புலயும் ஓட்டை.

என்ன நடந்ததுன்னா, நாம கேட்ட நீளம், முகவரியோட உண்மையான நீளம், ரெண்டுல எது சின்னதோ அதை கெர்னல் எடுத்துக்கும். ஐபி முகவரின்னா 16 பைட். நீங்க 100 கேட்டாலும் 16தான். சரியான சோதனைதானே? ஆனா -2147483648னு கேட்டா? அது 16ஐ விடச் சின்னது, பாஸ்! அதையே காப்பிஅவுட்டுக்குக் கொடுக்கும்போது மைனஸ் இல்லாத வகையா மாறும். அதே 32 பிட், இப்ப 2147483648 பைட், அதாவது 2 ஜிபி. முகவரி முடிஞ்ச இடத்தையும் தாண்டி, பக்கத்துல இருக்கிற கெர்னல் மெமரியெல்லாம் நம்ம பஃபருக்கு வர ஆரம்பிக்கும். நடுவுல எங்கயாவது முட்டி நின்னாலும், அதுவரை கொட்டினது கொட்டினதுதான்.

எண்ணெய்க் கடைக்காரர் கதை மாதிரி. 'உன் பாத்திரம் என் சரக்கை விடச் சின்னதுதானே'ன்னு பார்த்துட்டு ஊத்தறார். பாத்திரத்தோட அளவு பூஜ்யத்துக்குக் கீழ இருக்கலாம்னு அவருக்குத் தோணவே இல்லை :-)

சிரிக்கிற விஷயம் இல்லை. கெர்னல் மெமரியில டெர்மினல் பஃபர் இருக்கும். இன்னொருத்தர் இப்பத்தான் அடிச்ச பாஸ்வேர்டு அதுல இருக்கலாம். ஒரே மெஷின்ல பல பேர் லாகின் பண்ணி வேலை செஞ்ச காலம் அது. ஒரு சாதாரண அக்கவுண்ட் இருந்தாப் போதும்.

இத்தனைக்கும் சோர்ஸ் கோடு ஊருக்கே திறந்து கிடந்தது. 'சோதனை இருக்கா'ன்னு தேடினவங்களுக்கு அது கண்ணுல பட்டது. அது எந்த வகை எண்ணை வெச்சுச் சோதிக்குதுங்கிறதுதான் படலை. மருந்து என்னவோ எளிசு: நீளம் பூஜ்யத்துக்குக் கீழ இருந்தா, தவறான மதிப்புன்னு திருப்பி அனுப்பிடு.

ஒவ்வொரு இடத்துலயும் மனுஷன் ஞாபகம் வெச்சுச் சோதிக்கணும்னா என்னிக்காவது ஒரு இடம் விட்டுத்தான் போகும். அதனாலதான் 2016ல லினக்ஸ் 4.8ல, காப்பி பண்ற இடத்துலயே ஒரு காவல் வெச்சாங்க. எடுக்கற பொருளோட நிஜ அளவைத் தாண்டினா காப்பியே நடக்காது. பேக்ஸ்னு ஒரு வெளித் திட்டத்துல முன்னாடியே இருந்த யோசனை அது.

பயனர் கொடுக்கற நீளம் வெறும் கோரிக்கைதான், அளவு இல்லை. இதை கெர்னலுக்குப் புரியவைக்கவே இத்தனை வருஷம் ஆச்சு.