வேகம் குறைந்தவரின் கணக்கு: டாம் லாண்ட்ரியின் ஆட்டமும் பயிற்சியும்

டாம் லாண்ட்ரியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் 1960-இல்தான் சூடுபிடிக்கின்றன. டாலஸ் கௌபாய்ஸ் அணியின் முதல் தலைமைப் பயிற்சியாளராக அவர் பொறுப்பேற்ற ஆண்டு அது. 1988 வரை 29 பருவங்கள் அப்பொறுப்பில் நீடித்தார். நியூயார்க்கில் அவர் ஆடிய ஆண்டுகளோ முன்கதையாக ஒரு பத்தியில் முடிந்துவிடும். அமெரிக்கக் கால்பந்தில் ‘முதலில் ஆட்டக்காரர், பிறகு பயிற்சியாளர்’ என்று வாழ்க்கையை இரண்டாக வெட்டும் இந்த வழக்கம் லாண்ட்ரிக்குப் பொருந்தாது. அவருடைய பயிற்சி முறை, களத்தில் அவருக்கிருந்த ஒரு குறையிலிருந்து பிறந்தது.

அக்குறை வேகம். 1949-இல் நியூயார்க் யாங்கீஸ் கால்பந்து அணியின் பின்வரிசைத் தற்காப்பில் ஆடியபோது, கிளீவ்லண்ட் பிரௌன்ஸின் மேக் ஸ்பீடி ஒரே ஆட்டத்தில் 200 கெஜத்துக்கு மேல் பந்து பிடித்து அவரைத் திணறடித்தார். ஓடிப் பிடிக்க முடியாதவருக்கு ஒரே வழிதான் உண்டு: எதிராளி எங்கே போகப்போகிறான் என்று முன்கூட்டியே அறிவது. மறு ஆண்டு அவர் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு வந்தார். பயிற்சியாளர் ஸ்டீவ் ஓவன் வகுத்த ‘குடை’ வியூகத்தின் பின்வரிசை நால்வரில் ஒருவராக நின்றார். அதுவரை ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றறியாத பிரௌன்ஸ், 1950 அக்டோபரில் அந்த வியூகத்திடம் 6-0 என வீழ்ந்தது.

லாண்ட்ரியின் கணக்குப் புத்திக்கு அவருடைய தொழிலகப் பொறியியல் பட்டத்தைக் காரணம் காட்டுவோர் பலர். படிப்பு உதவியிருக்கலாம். ஆனால் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் பட்டம் பெற்றது 1952-இல். களத்துப் பாடம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பொறியாளர் படிமம் பத்திரிகைக்கு வசதியானது, அவ்வளவே. அவருடைய தொப்பியும் சிரிக்காத முகமும் அதற்கு ஒத்துப்போயின.

உண்மையான திருப்பம் 1954-55. அந்த இரு பருவங்களிலும் அவர் ஆட்டக்காரராகவும் துணைப் பயிற்சியாளராகவும் ஒருங்கே இருந்தார். வகுத்ததைத் தானே நின்று சோதிக்கலாம். பிழைத்தால் அடி தன் மேலேயே விழும். ஆட்டத்தை விட்ட பின், தலைமைப் பயிற்சியாளர் ஜிம் லீ ஹவலின் கீழ் தாக்குதலை வின்ஸ் லொம்பார்டி கவனிக்க, தற்காப்பை இவர் ஏற்றார். முன்வரிசையில் நால்வர், அவர்களுக்குப் பின்னே மூன்று லைன்பேக்கர்கள் என்ற 4-3 அமைப்பு அங்கே முதிர்ந்தது. எதிரணியின் தடுப்பாளர்களை முன்வரிசை நால்வரும் தாங்கிக்கொள்வார்கள். நடு லைன்பேக்கர் சாம் ஹஃப் தடையின்றிப் பந்தை நோக்கிப் பாய்வார். இதில் பந்தைத் துரத்துவது இரண்டாவது வேலை. முதல் வேலை, எதிராளியின் முதல் அசைவைப் படித்துத் தன் இடைவெளியைக் காப்பது. ஸ்பீடியிடம் தோற்ற அந்த மெதுவான ஆட்டக்காரரின் தேவை, இங்கே பதினொரு பேருக்கும் பொதுவிதியாயிற்று.

இந்த விதிக்கு ஓர் எல்லையும் உண்டு. ரசிகர்கள் அதை எளிதில் மறந்துவிடுகிறார்கள். டாலஸில் முதல் பருவத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. 1966 முதல் 1985 வரையிலான 20 பருவங்களிலும் தோல்வியைவிட வெற்றியே மிகுதி. ஆயினும் தாக்குதலில், முக்கியமாகக் குவார்ட்டர்பேக்கைத் தேர்வதில், அவர் தடுமாறினார். 1971 அக்டோபர் 31 அன்று சிகாகோவில் ரோஜர் ஸ்டாபக்கையும் கிரெய்க் மார்ட்டனையும் மாறி மாறி அனுப்பினார். ஒருவர் ஆடி வெளியேற, அடுத்த நகர்வோடு மற்றவர் உள்ளே வருவார். எதிராளியைப் படிக்கும் பொறுப்பு களத்தை விட்டு ஓரக்கோட்டுக்கு வந்துவிட்டது. டாலஸ் அதிகக் கெஜங்கள் முன்னேறியும் 23-19 எனத் தோற்றது. பிறகு ஸ்டாபக்கையே நிலையாக வைத்தார். சூப்பர் பௌல் உட்பட எஞ்சிய பத்து ஆட்டங்களிலும் வெற்றி. தற்காப்பில் தான் ஆட்டக்காரனாகக் கேட்டிருக்கக்கூடிய சுதந்திரத்தைத் தன் குவார்ட்டர்பேக்குக்குத் தர அவர் தயங்கினார் என்றே நான் கருதுகிறேன். தொழில்முறைத் தாக்குதலில் அவருக்கு உடல்வழி அனுபவம் குறைவு.

களத்துக் குறை பயிற்சி முறையாக மாறியது ஒரு தனிமனிதரின் தற்செயல்தானே என்று கேட்கலாம். டாலஸில் அவரிடம் ஆடிய டான் ரீவ்ஸ் அதற்கு விடை. முழங்கால் காயத்தால் ஓட்டம் குன்றிய அவரை, 1970-71 பருவங்களில் லாண்ட்ரி ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒருங்கே வைத்துக்கொண்டார். அதே ரீவ்ஸ் பின்னாளில் தலைமைப் பயிற்சியாளராக டென்வரை மூன்று முறையும் அட்லாண்டாவை ஒரு முறையும் சூப்பர் பௌலுக்கு அழைத்துச் சென்றார்.