வீட்டைக் காட்டி எருமையை மறைத்தல்: தோடர் மந்துகளும் பார்வையாளரும்

உதகை அரசு தாவரவியல் பூங்காவை ஒட்டிய மேட்டில் தோடரின் குடியிருப்பான மஞ்சக்கல் மந்து இருக்கிறது. பூங்காவைச் சுற்றி முடித்தவர்களில் சிலர் மூச்சிரைக்க அங்கே ஏறுகிறார்கள். கவிழ்த்து வைத்த பாதிப் பீப்பாய் போன்ற குடிலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். குனிந்து தவழ்ந்தே நுழைய வேண்டிய அதன் வாசலைப் பார்த்து வியக்கிறார்கள். சிவப்பும் கறுப்புமாக நூலோடிய ஒரு சால்வைக்கு விலை கேட்கிறார்கள். ஒரு மேய்ச்சல் பழங்குடியின் மரபு வாழ்வை நேரில் கண்டுவிட்ட நிறைவோடு இறங்குகிறார்கள். இந்தக் காட்சியில் பெரும்பாலும் எருமை வருவதில்லை. அது தற்செயலாக நேர்ந்ததில்லை என்பதும், தோடர் சுற்றுலாவின் அமைப்பே எருமையை வெளியே நிறுத்துகிறது என்பதும் என் வாதம்.

தோடர் வாழ்வில் வீடு ஓரத்தில் இருப்பது. நடுவில் இருப்பது பால்மனை. 1901-02இல் நீலகிரியில் தங்கி ஆய்ந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1906இல் வெளியிட்ட ‘தி தோடாஸ்’ நூலில் மிகப் பெரும் பகுதியைப் பால்மனைகளுக்கே ஒதுக்கியிருக்கிறார். வேறு வழியும் அவருக்கு இல்லை. எருமைகளில் வீட்டு எருமை வேறு, தெய்வ எருமை வேறு. தெய்வ எருமைகளுக்குள்ளும் படிநிலை உண்டு. ஒவ்வொரு படிக்கும் தனிப் பால்மனை, தனிக் கலங்கள், தனி நீர், தனிப் பூசகர். பால் கறப்பதும் தயிர் கடைவதும் நெய் உருக்குவதும் அங்கே வழிபாட்டின் உறுப்புகள். உச்சப் படியான ‘தீ’ மனையின் பூசகரை ரிவர்ஸ் ‘பாலோல்’ என்று எழுதுகிறார். தோட மொழியில் ‘ஓல்’ என்றால் மனிதர். அன்று பிற தோடர் அவரைத் தொடக்கூடாது என்பது விதி. பெண்களுக்குப் பால்மனைப் பணியில் இடமில்லை; அயலார் உள்ளே போக முடியாது. ஆகவே மந்துக்கு வரும் விருந்தினர் காண்பது, காட்டக்கூடாததை எல்லாம் கழித்த பிறகு எஞ்சிய மிச்சம். அந்த மிச்சத்தைத்தான் ‘அனுபவம்’ என்று பெயரிட்டு விற்கிறோம்.

மந்துக்கு விருந்தினர் வருவது புதிதும் இல்லை. 1603இல் ஃபினிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார் மேற்குக் கரையிலிருந்து மலையேறி வந்து தோடரைக் கண்டு எழுதினார். கேப்டன் ஹார்க்னஸின் நூல் 1832இல் வந்தது. 1873இல் மார்ஷல் என்ற படை அதிகாரி மண்டையோட்டின் மேடுபள்ளங்களைக் கொண்டு குணம் கணிக்கும் ‘கலை’யைத் தோடர் தலைகளில் பயின்று ஒரு புத்தகமே போட்டார். இன்று அதைப் படித்தால் தோடரைப் பற்றி அறிவதைவிட மார்ஷலைப் பற்றி அறிவதே மிகுதி. ரிவர்ஸ் அந்த வரிசையில் சேராதவர். ஆயினும் அவர் நேர்மையாகப் பதிந்த ஒரு செய்தியை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். அவருக்குச் சடங்கு மறைபொருள்களைச் சொன்னவர்களுக்கும் காட்டியவர்களுக்கும் அடுத்தடுத்துத் துன்பம் நேர்ந்தது: ஒருவர் நோயில் விழுந்தார், இன்னொருவரின் மனைவி இறந்தார். மறைவானதை வெளியிட்டதால் தெய்வங்கள் சினந்தன என்று தோடரின் குறிகாரர்கள் கூறினர். தெய்வச் சினத்தை வாசகர் நம்ப வேண்டியதில்லை. பார்க்க வந்தவரின் கணக்கைப் பார்க்கப்பட்டவர் தீர்த்தார் என்பதை மறுக்க முடியாது.

வருவோர் தேடுவது தீண்டப்படாத தனிமை. நீலகிரியில் அது ஒருபோதும் இருந்ததில்லை. தோடர் நெய் கொடுத்தார்கள். அண்டையில் வாழ்ந்த படகர் தானியம் கொடுத்தார்கள். கோத்தர் மண்கலமும் இரும்புக் கருவியும் தந்து, சாவுச் சடங்கில் இசைத்தார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல் தளர்ந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். மரபின் அடையாளமென நாம் வாங்கிப் போர்த்தும் பூத்துக்குளி என்ற அந்தச் சால்வையின் துணிகூடத் தோடர் நெய்தது இல்லை; வெளியிலிருந்து வந்த பருத்தித் துணியில் அவர்கள் நூலோட்டினார்கள். நம்மவர் பங்குக்கு நாம் செய்யும் பிழை வேறு வகை: தோடர் என்றதும் முல்லைத் திணையை எடுத்து விரித்துவிடுகிறோம். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்துக் குளிர்ப் புல்வெளியில் எருமை வளர்ப்போரை, காடும் காடு சார்ந்த நிலத்து ஆயரோடு ஒட்டவைப்பது இலக்கியச் சுவைக்கு உதவலாம். நிலத்தை அறிய உதவாது.

நிலம்தான் இங்கே வழக்கு. நீலகிரியின் மேல்தளம் புல்வெளியும் பள்ளத்துச் சோலையும் கலந்தது. வறண்ட மாதங்களில் எருமைகள் மேற்கே குந்தா, முக்குறுத்திப் பக்கத்துப் பருவ மந்துகளுக்குப் போய், மழைக்காலத்துக்குத் திரும்பின. கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் காலத்தில், 1820களில், வெள்ளையர் குடியிருப்பு தொடங்கியது. பிறகு உருளைக்கிழங்கும் தேயிலையும் வந்தன. புல்வெளியைத் ‘தரிசு’ என்று கணக்கில் எழுதிய வனத்துறை அதில் கற்பூர மரமும் சீகை மரமும் நட்டது. விடுதலைக்குப் பிறகு நடவு இன்னும் பெருகியது. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டியிருந்தது. சிறுமுகை ரேயான் ஆலைக்கு மரம் வேண்டியிருந்தது. குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள் பள்ளத்தாக்குகளை நிரப்பின. போர்த்திமந்து என்பது இன்று ஒரு நீர்த்தேக்கத்தின் பெயர். உதகமண்டலம் என்ற பெயருக்குள்ளும் ஒரு மந்து இருக்கிறது. ஊர்ப் பெயராகவும் அணைப் பெயராகவும் எஞ்சிய மந்துகளைச் சுற்றுலாக் கையேடு எதுவும் பட்டியலில் சேர்ப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 800 பேராக இருந்த தோடர் இன்று 2,000 பேரளவில் இருக்கிறார்கள். ‘அழிந்துவரும் இனம்’ என்ற இரங்கல் மக்களுக்குப் பொருந்தவில்லை. குறைந்துபோனது எருமை. பிறை போல் விரிந்த கொம்பும் கொழுப்பு மிகுந்த பாலும் கொண்ட தோடா எருமை தனி இனமாகவே அங்கீகரிக்கப்பட்டது. வேறெங்கும் அதற்கு மந்தை இல்லை. அதன் குறைவுக்குச் சிறுத்தையையும் புலியையும் இளைஞரின் மனமாற்றத்தையும் காரணம் சொல்கிறார்கள். ஓரளவு மெய். ஆனால் கறுத்தடர்ந்த சீகைக் காட்டின் அடியில் புல் முளைக்காது என்பதை முதலில் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்வது திசைதிருப்பல்.

எதிர்வாதம் ஒன்றுக்கு வலு உண்டு. தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெண்களின் வேலை. பால்மனைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களின் கைக்கு இன்று பணம் வருகிறது என்றால், பார்வையாளரை வெறுமனே பழிப்பது ஆண்களின் மரபுக்கு மட்டும் வாதாடுவதாகிவிடும். இதை நான் ஏற்கிறேன். சால்வை வாங்குங்கள்; பேரம் பேசாமல் வாங்கினால் இன்னும் நல்லது. அந்த வருமானம் ஒரு குடும்பத்தைத் தாங்கும். ஒரு சீகை மரத்தையும் வெட்டாது. மேய்ச்சல் வாழ்வைச் சுற்றுலாவே காக்கும் என்ற கூற்று இந்த இடத்தில் உடைகிறது.

காக்கக்கூடிய கருவி வேறிடத்தில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, மேய்ச்சல் சமூகங்களின் பருவகால நில அணுகலையும், தொன்மைப் பழங்குடிகள் தம் வாழ்பரப்பின் மீது கொண்ட கூட்டுரிமையையும் ஏற்கிறது. அந்த உரிமையைக் கோர, எந்த மந்தின் எருமைகள் எந்த மாதம் எந்த வழியே எந்தப் புல்வெளிக்குப் போயின என்ற நிலப்படம் வேண்டும். அந்தப் படம் தோடரின் பாடல்களிலும் வேண்டுதல்களிலும் இடப்பெயர்களாக அடுக்கப்பட்டிருக்கிறது. 1935 முதல் தோட மொழியை ஆய்ந்த எமனோ திரட்டிய பாடல்களை மொழியியலார் மட்டுமே புரட்டுகிறார்கள். நில அளவையரும் புரட்ட வேண்டும்.

பருவ மந்துகள் இருந்த மேற்குப் பகுதியில் 1990 முதல் முக்குறுத்தி தேசியப் பூங்கா இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்வதையும் நுழைவதையும் தடை செய்கிறது. ஒரே ஒரு விலக்கு உண்டு: உள்ளே போக அனுமதி பெற்றவர் ஏறிவரும் வாகனமாக அந்த விலங்கு இருந்தால் அது நுழையலாம்.