லவுட்னஸ் பட்டன் எதற்கு?

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் முகப்பில் வால்யூம், பாஸ், ட்ரெபிள் குமிழ்களோடு 'லவுட்னஸ்' என்றொரு பட்டனும் இருக்கும். சத்தத்தைக் கூட்டத்தான் அது என்று நினைத்துப் பலர் முழு வால்யூமில் அழுத்துவார்கள். விஷயம் நேர்மாறு!

1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் மனிதக் காதின் கேட்கும் திறனை அளந்து வெளியிட்டார்கள். சத்தம் குறையக் குறைய, மற்ற ஒலிகளைவிட பாஸ்தான் நம் காதுக்கு அதிகமாக மங்கிப்போகிறது என்று தெரிந்தது. அதை ஈடுகட்ட வந்ததே இந்தப் பட்டன்.

பாஸ், ட்ரெபிள் குமிழ்கள் அவரவர் ரசனைக்கு. 1952-இல் பிரிட்டனின் பீட்டர் பாக்ஸண்டால் வெளியிட்ட சர்க்யூட்தான் பல ஆம்ப்ளிஃபயர்களில் அவற்றின் பின்னால் இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, ராத்திரியில் மெதுவாகப் பாட்டு கேட்கும்போது லவுட்னஸை அழுத்துங்கள். வால்யூமை ஏற்றினால் மறக்காமல் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாஸ் மிஞ்சிப்போய் பாடகர் குரல் அமுங்கிவிடும், ஸ்பீக்கருக்கும் கேடு!