ஸ்டியரிங் ஆட்டம்: நாஞ்சில் நாட்டு மோட்டார் பட்டறைத் தொழிலின் ஒரு பகுதி

ஓடிப் பழகிய காரின் ஸ்டியரிங் கோளாறு பெரும்பாலும் நான்கு விதங்களில் தலைகாட்டும். நேர்ச்சாலையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பியும் சக்கரம் அசையாமல் ஆட்டம் தெரியும். ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும் கை நடுங்கும். வளைவு தாண்டிய பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. பழுது தெரிவது கையில், இருப்பது வேறோர் இடத்தில். அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கும் வேலை, நாஞ்சில் நாடு அடங்கிய குமரி மாவட்டத்தில் முதலில் பஸ், லாரிகளின் முன் அச்சில் பழகப்பட்டு, பின்னால் கார்களுக்கும், அபூர்வமாக வந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் கைமாறியது.

இதற்கு இந்தப் பகுதியின் போக்குவரத்து வரலாறே காரணம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979-இல். நாகர்கோவில் – திருநெல்வேலிப் பாதை திறந்தது 1981-இல். அதுவரை நெல்லும் தேங்காயும் மீனும் ரப்பரும் மனிதர்களும் சாலையை நம்பியே இருந்தனர். திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரியில் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட தடமும் திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரிதான். லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய ஈ.ஜி. சால்ட்டர் அதற்குத் தலைமை ஏற்றார். இங்கிலாந்திலிருந்து வந்த சேஸிஸ்களின் மேல் உள்ளூர்த் தொழிலாளர்கள் பாடி கட்டினார்கள். மரவேலையும் இரும்புவேலையும் தெரிந்த கைகள் மோட்டார் வேலைக்குள் வந்த வாசல் அது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. பின்னர் கட்டபொம்மன் பெயரிலும், 1980-களில் இணைப்புப் போராட்டத் தலைவர் நேசமணியின் பெயரிலும் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. நாகர்கோவில் ராணித்தோட்டம் நேசமணி கழகத்தின் மையமாயிற்று.

அந்தக் கால பஸ், லாரியின் முன்புறம் ஒரே இரும்பு அச்சு. அதன் இரு முனைகளிலும் சக்கரத்தைத் தாங்கித் திருப்புவது கிங் பின். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து ட்ராக் லிங்கும், ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்கு டை ராடும் போகும். இந்த அமைப்பில் பழுதைக் கண்டுபிடிக்கத் தேவையான கருவிகள் ஜாக்கியும் இரண்டு கைகளும் மட்டுமே. சக்கரத்தைத் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் கிங் பின்னில் இருக்கலாம், வீல் பேரிங்கிலும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, மற்றவர் மறுபடி ஆட்டிப் பார்ப்பார். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். தொடர்ந்தால் கிங் பின். பிரேக் பிடித்ததும் சக்கரமும் அதைத் தாங்கும் பகுதியும் ஒன்றாக இறுகிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் மறைந்துபோகிறது, அவ்வளவுதான்.

ஸ்டியரிங் ஆட்டத்துக்கு வேறு சோதனை. இதில் சக்கரங்கள் தரையிலேயே இருக்க வேண்டும். வண்டியின் பாரம் இறங்கியிருந்தால்தான் தேய்மானம் வெளிப்படும். உள்ளே ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைக்க, கீழே படுத்திருப்பவர் ஒவ்வொரு மூட்டின் குறுக்கேயும் விரலை வைத்துக்கொண்டே போவார். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ அதுதான் தேய்ந்தது. பெட்டியின் ஸ்குருவை முறுக்கி ஆட்டத்தைக் குறைப்பது கடைசி வேலை. மூட்டைப் பார்க்காமல் பெட்டியை முறுக்கினால் ஆட்டம் போனதுபோல் தோன்றும். ஆனால் நேர்நிலையில் ஸ்டியரிங் இறுகிப் பிடிக்கும், வளைவில் திரும்பி வராது. பழைய வண்டிகளில் பாதித் தொந்தரவு இப்படி யாரோ முன்பு முறுக்கிவிட்டதால் வந்ததாகவே இருக்கும்.

உதிரிபாகம் எளிதில் கிடைக்காத அந்த ஆண்டுகளில் லேத் பட்டறை இல்லாமல் இந்தத் தொழில் நடந்திருக்காது. கிங் பின் புஷ்ஷைக் கன்மெட்டலில் கடைந்து, சக்கரத்தைத் தாங்கும் பகுதியில் அடித்து ஏற்றி, ரீமரால் உள்ளே சிறிது சிறிதாகச் சுரண்டி, பின் கையழுத்தத்தில் இறங்கும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கூடுதலாகச் சுரண்டினால் புது புஷ்ஷிலேயே ஆட்டம். குறைத்தால் ஸ்டியரிங் கனக்கும். 1929-இல் தொடங்கிய சென்னையின் ரானே நிறுவனம் டை ராடு எண்டு, ஸ்டியரிங் கியர் முதலியவற்றை நாட்டிலேயே செய்யத் தொடங்கிய பிறகு இந்த நெருக்கடி தளர்ந்தது.

வண்டியில் பழுதே இல்லாமல் சாலை பழுதைக் காட்டுவதும் உண்டு. மழைநீர் வடிய சாலையின் நடுவை உயர்த்தி ஓரங்களைச் சரிப்பதால், இடப்பக்கம் ஓடும் நம் வண்டிகள் இயல்பாகவே சற்று இடதுபுறம் சாயும். குமரி மாவட்டத்தில் இதோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தாழும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காலக் காற்று ஒடுங்கிப் பாய்கிறது. முப்பந்தலைச் சுற்றிக் காற்றாலைகள் நிறைந்ததற்கும் அதுவே காரணம். வள்ளியூர் பக்கமிருந்து வெள்ளமடம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டி இழுக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அதே சாலையில் திரும்பியும் ஓட்ட வேண்டும். இழுக்கும் பக்கம் மாறினால் காற்று. மாறாமல் இருந்தால் சாலைச் சரிவும் வண்டியும் மிச்சம். சமதளமான இடத்திலும் அதே பக்கம் இழுத்தால், முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் போட வேண்டும். இழுப்பும் சேர்ந்து மாறினால் கோளாறு டயரில். மாறாவிட்டால்தான் மூட்டுகளையும் அலைன்மெண்டையும் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுக்கும் வண்டிக்குப் பெரும்பாலும் ஸ்டியரிங் பட்டறையில் வேலையே இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் இந்தச் சாலைகளில் ஓடிய கார் வகைகள் மிகச் சிலவே. அம்பாசடரில் பற்சட்டமும் பல்சக்கரமும் கொண்ட ரேக் ஸ்டியரிங். ஃபியட்டில் வார்ம் கியர் பெட்டி. ஸ்போர்ட்ஸ் காருக்கு மிக அருகில் வந்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டாக வெளிவந்த இதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் சுமார் பத்து ஆண்டுகள் இதைச் செய்தது. எஞ்சின் 948 சிசிதான். ஆனால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் கார் அது. இதன் சேஸிஸைக் குறுக்கி, இதே முன்புற அமைப்போடு ட்ரையம்ஃப் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. ஆகவே ஹெரால்டின் ஸ்டியரிங்கைப் புரிந்துகொண்டவருக்கு ஸ்பிட்ஃபயரும் புரிந்துவிடும்.

ஹெரால்டின் பானட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். முன் சக்கரம், ரேக், மூட்டுகள் எல்லாம் கண்முன். ரேக்கைச் சேஸிஸோடு பிடித்திருப்பவை யு-போல்ட்டுகளும் ரப்பர் கட்டைகளும். எஞ்சின் ஆயில் கசிந்து படிந்தால் ரப்பர் ஊறி இளகும். அப்போது ஸ்டியரிங்கை அசைத்தால் சக்கரம் திரும்புவதற்கு முன் ரேக் முழுவதும் பக்கவாட்டில் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரேக் தேய்ந்துவிட்டது என்று கழற்றி எறியப்பட்ட பலவற்றுக்குத் தேவைப்பட்டது ரப்பர் கட்டை மட்டும்தான்.

ஆபத்தான பழுது அதற்கும் கீழே, ட்ரனியனில் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டி, அதை ட்ரனியன் எனும் வெண்கலக் கட்டைக்குள் திருகியிருப்பார்கள். ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் சிறிது ஏறி இறங்கும். இதற்குப் போட வேண்டியது தொண்ணூறு கிரேடு கியர் ஆயில். நிப்பிள் இருக்கும் இடத்தில் கிரீஸ் அடிப்பது பட்டறைப் பழக்கம். இங்கே அந்தப் பழக்கம் கெடுதல் செய்யும். கிரீஸ் மரையின் உள்ளே முழுதும் போகாது, தண்ணீர் புகும், தண்டு துருப்பிடித்து மெலியும். ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் கடற்காற்றும் உள்ள குமரி போன்ற மாவட்டத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். கடைசியில் மரை தொடங்கும் இடத்தில் தண்டு ஒடிந்து சக்கரம் உள்நோக்கி மடிந்துவிடும். ஒடியும் முன் வண்டி பெரும்பாலும் எச்சரிக்கிறது: ஸ்டியரிங் கனக்கும், வளைவுக்குப் பின் நேருக்கு வராது. உறுதி செய்ய டை ராடு எண்டை மட்டும் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் இடமும் வலமும் திருப்ப வேண்டும். அப்போதும் கனத்தால் ட்ரனியன்; இலேசாகத் திரும்பினால் குற்றம் ரேக்கின் பக்கம். பழைய ஹெரால்டையோ ஸ்பிட்ஃபயரையோ வாங்க வருபவர் எஞ்சின் ஓசையைக் கேட்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

1983-இல் மாருதி 800 வந்ததும் தொழிலின் முறை மாறியது. கிங் பின் இல்லை, கிரீஸ் நிப்பிள் இல்லை. பால் ஜாயிண்ட் தேய்ந்தால் புதிதாக மாற்ற வேண்டியதுதான். ரீமர் பட்டறையின் மூலைக்குப் போனது. டயருக்கு டயர் நூல் பிடித்து முன்புற இடைவெளியையும் பின்புற இடைவெளியையும் ஒப்பிட்டுப் பார்த்த வழக்கத்தை அலைன்மெண்ட் இயந்திரம் விலக்கியது. ஆனால் இயந்திரம் சக்கரம் நிற்கும் கோணத்தைச் சொல்லுமே தவிர, அது ஏன் அப்படி நிற்கிறது என்பதைச் சொல்லாது. தேய்ந்த மூட்டோடு அலைன்மெண்ட் செய்த வண்டி கடைவாசலைத் தாண்டும்போதே பழைய கோணத்துக்குப் போய்விடும். உள்ளங்கையால் டயரைக் குறுக்கே தடவிப் பார்க்கும் பழைய சோதனை இன்றும் வீண்போகவில்லை: ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் அரம்போல் கூராகவும் பட்டால், சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் டோ கோணம் நெடுநாளாகவே தவறியிருக்கிறது.

பவர் ஸ்டியரிங் வந்தபின் கனமும் ஓசையும் புது அர்த்தம் பெற்றன. எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவதில், முழுதாகத் திருப்பும்போது முனகல் கேட்டால் முதலில் எண்ணெயின் அளவையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். 1988-இல் சுசுகி செர்வோவில் அறிமுகமாகிப் பின் பரவிய மின் ஸ்டியரிங்கில் பம்ப்பும் இல்லை, கசிவும் இல்லை. பேட்டரி மின்னழுத்தம் குறைந்தாலே உதவி நின்று ஸ்டியரிங் கனத்துவிடும். ஸ்கேனர் இல்லாமல் அதன் சென்சாரைச் சோதிப்பது கடினம்.

இன்று பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பட்டறைக்கு வந்தால், கம்பெனி போட்ட பாகங்களுக்கு முன் முந்தைய உரிமையாளர் மாற்றியவற்றையே பார்க்க வேண்டியிருக்கிறது. அகலமான டயர் சாலையின் சக்கரத்தடங்களைப் பற்றிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடுங்கும். ஸ்ப்ரிங்கை வெட்டித் தாழ்த்திய காரில் டை ராடின் சாய்வு மாறிவிடுவதால், பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் சக்கரம் தானாகத் திரும்பும். இவற்றை விலக்கிய பின்னும் இழுப்பு தொடர்ந்தால் முன், பின் சக்கரங்களுக்கிடையே உள்ள தூரத்தை இரு பக்கமும் டேப் வைத்து அளக்க வேண்டும். முன் சக்கரங்கள் நேராக நிற்கையில் இரண்டும் கணிசமாக வேறுபட்டால், பெரும்பாலும் அந்த வண்டி எங்கேயோ மோதி, பெயிண்ட் மட்டும் சரிசெய்யப்பட்டு விற்பனைக்கு வந்திருக்கிறது.