வேலியின் நுண்பின்னம்: சோழர்கால நில அளவையில் கருவியும் கணக்கும்

முன்னுரை

முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், அக்கோயிலுக்குரிய ஊர்களின் நிலப்பரப்பை வேலியின் மிக நுண்ணிய பின்னங்கள் வரை பதிவு செய்துள்ளன. 1/52,428,800,000 வேலி வரையிலான அளவு அவற்றில் இடம்பெறுவதைச் சுட்டி, அதனைச் சோழர்தம் அளவைத் துல்லியத்துக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அப்பின்னம் அளந்து பெறப்பட்டதா, கணக்கிட்டுப் பெறப்பட்டதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கருவியின் எல்லை

வேலி என்பது 6.6 ஏக்கர் என்னும் பிற்கால வழக்கைக் கொண்டால், அது ஏறத்தாழ 26,700 சதுர மீட்டராகும். மேற்குறித்த பின்னம் அரைச் சதுர மில்லிமீட்டர் அளவினது. ஓர் எள் கிடக்கும் இடத்தினும் சிறியது.

நிலம் அளந்த கருவியோ கோல். கல்வெட்டுகளில் பயிலும் பதினாறு சாண் கோலை எடுத்துக்கொள்வோம். சாணுக்குப் பன்னிரண்டு விரல் எனில் அதன் நீளம் 192 விரல். அக்கோல் அரை விரல் மட்டும் பிழைபட்டிருப்பின், நீளத்திலும் அகலத்திலும் அப்பிழை சேர்ந்து, பரப்பில் ஏறத்தாழ 1/192 பங்கு வேறுபாடு நேரும். அஃதாவது, வேலி ஒன்றுக்குச் சுமார் 139 சதுர மீட்டர். கல்வெட்டு கூறும் நுண்பின்னத்தைப் போல இது 27 கோடி மடங்கிற்கும் மேற்பட்டது. ஆகவே, அந்நுண்மை கோலினால் கிடைத்ததாக இருத்தல் இயலாது.

பின்னத்தின் பிறப்பு

தமிழ்ப் பின்ன முறையில் 1/20 மா, 1/80 காணி, 1/320 முந்திரி. 'கீழ்' என்னும் சொல் அடுத்த படிக்கு இறங்குவதைக் குறிக்கும். படிதோறும் மதிப்பு 320ஆல் வகுபடும். 52,428,800,000 என்னும் எண் 5 × 320⁴ ஆக அமைவது, இப்பின்னம் வாய்பாட்டின் வழிப் பிறந்தது என்பதை உணர்த்துகிறது.

இந்நுண்மைக்கு ஆட்சித் தேவையும் இருந்தது. ஊரின் மொத்தப் பரப்பிலிருந்து நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலிய இறையிலி நிலங்களைக் கழித்து, எஞ்சியதற்கே வரி கணக்கிடப்பட்டது. கழித்ததும் எஞ்சியதும் கூட்டினால் மொத்தத்தோடு பொருந்துதல் வேண்டும். கடைசிப் பின்னத்தையும் விடாது எழுதியமைக்கு இதனைக் காரணமாகக் கொள்ளலாம்.

நியம அளவைகள்

அளவீட்டு வரலாற்றில் சோழர்தம் சிறப்பை வேறிடத்தில் காணல் தகும். அதே கோயிலில் பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், மணிகள் 'தக்ஷிணமேருவிடங்கன்' என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. நெல் அளந்த மரக்காலும் ஆடவல்லான் பெயரே கொண்டு, இராசகேசரி என்னும் அளவுக்குச் சமமெனக் குறிக்கப்பட்டது. பெயரிட்ட கருவியும், அதனை ஒப்பிடும் நியமமும் இருந்தமையால், கொடுப்போரும் கொள்வோரும் ஒரே அளவைச் சுட்ட முடிந்தது.

முடிவுரை

நுண்பின்னம் சான்றளிப்பது கணக்கரின் எண்ணறிவுக்கும் ஆட்சியின் கண்டிப்புக்குமே. கோலின் துல்லியத்துக்கு அன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாது கல்வெட்டுப் பரப்புகளை இன்றைய அலகுகளுக்குப் பல தசம இடங்கள் வரை மாற்றுவது, மூலத்தில் இல்லாத துல்லியத்தை ஏற்றுவதாகும். கோலின் நீளத்தை முதலில் உறுதிசெய்து, அதன் பிழை எல்லைக்குள் நின்று பரப்பைக் கூறுதலே ஆய்வு நெறி.