மால்குடிச் சிறுவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

உங்களில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு 'மால்குடி டேஸ்' தொடர் நினைவிருக்கும். ஆர். கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் இயக்க, 1980களின் பிற்பகுதியில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானது. கர்நாடகத்தின் ஆகும்பே என்னும் மலையூர்தான் அதில் மால்குடியாக மாறியது. இசை நம் எல். வைத்தியநாதன். இந்தி தெரியாத வீடுகளிலும் அதைப் பார்த்தார்கள். மாற்றிப் பார்க்க வேறு சேனல் இல்லை என்பதும் உண்மைதான்!

அண்மையில் அதைத் திரும்பவும் பார்த்தேன். சிறுவயதில் சுவாமியின் குறும்பு மட்டுமே கண்ணில் பட்டது. இப்போது பட்டது, அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த வெளி. 1935-ல் வெளிவந்த 'சுவாமியும் நண்பர்களும்' நாவலின் காலம் 1930. சுவாமி, மணி, ராஜம் மூவரும் ஆற்றங்கரையில் மணிக்கணக்கில் திரிகிறார்கள். எங்கே இருக்கிறார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கிரிக்கெட் குழுவையும் அவர்களே தொடங்குகிறார்கள். சென்னையில் உள்ள கடைக்கு அவர்களே கடிதம் எழுதி மட்டையும் பந்தும் கேட்கிறார்கள். இன்று அதே வயதுப் பிள்ளைக்குப் பயிற்சியாளர் உண்டு, சீருடை உண்டு, கட்டணம் உண்டு, வாசலில் காத்திருக்கும் அப்பாவும் உண்டு. ஆசை மட்டும் மாறவில்லை. உருட்டி விளையாட ஒரு வளையம் கிடைக்கும் என்று நம்பி, வண்டிக்காரனிடம் காசு கொடுத்து ஏமாறுகிறான் சுவாமி. நம் பிள்ளைகள் கைப்பேசி விளையாட்டில் காசை இழக்கிறார்கள்.

ஆனால் அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பிரம்பு அன்று பள்ளியின் அன்றாடப் பொருள். பள்ளியில் உடல் தண்டனையைச் சட்டம் நாடு முழுவதும் தடை செய்தது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில்தான். சுவாமியின் பள்ளியோ நம்மைப் போன்ற கிறிஸ்தவர்கள் நடத்தும் மிஷன் பள்ளி. அங்கே விவிலியம் கற்பிக்கும் எபனேசர் என்னும் ஆசிரியர், இந்துப் பிள்ளைகள் முன்னிலையில் அவர்கள் வணங்கும் கண்ணனை இழித்துப் பேசுகிறார். சுவாமி எதிர்க்கேள்வி கேட்க, அவன் காது திருகப்படுகிறது. நாராயண் இதை ஊகித்து எழுதவில்லை என்றே நினைக்கிறேன். அவரே சென்னை புரசைவாக்கத்தில் லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தவர். கிறிஸ்தவர்களாகிய நாம் இந்தப் பக்கங்களைச் சிரித்துக்கொண்டே கடந்துவிட முடியாது.

வக்கீலான சுவாமியின் அப்பா கண்டிப்பானவர்; தொடரில் கிரீஷ் கர்னாட் நடித்திருப்பார். விடுமுறையிலும் மகனைக் கணக்குப் போடச் சொல்பவர். ஆனாலும் அவமானப்பட்ட பையன் அவரிடம்தான் போய்ச் சொல்கிறான். அவரும் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுகிறார்: மற்ற சமயப் பிள்ளைகள் வேண்டாமென்றால் சொல்லிவிடுங்கள், வேறு பள்ளி பார்த்துக்கொள்கிறோம் என்ற பொருளில். பின்னாளில் மகன் வீட்டை விட்டு ஓடியபோது, இரவில் ஆற்றோரமும் தண்டவாளத்தின் ஓரமும் நடுங்கிக்கொண்டே தேடியவரும் அவர்தான். இன்று பிள்ளை நிற்கும் இடத்தைக் கைப்பேசி காட்டிவிடும். வகுப்பில் அவனுக்கு என்ன நடந்தது என்பதை அது காட்டாது.

கடைசிக் காட்சியில் ராஜம் ஊரை விட்டுப் போகிறான். கோபம் தீராத நண்பனுக்கு ஒரு புத்தகத்தைக் கொடுக்க ரயிலோடு ஓடுகிறான் சுவாமி. அவன் கடிதம் எழுதுவானா என்பது கடைசிவரை தெரியாது. இன்றைய பிள்ளைக்கோ, அனுப்பிய செய்தியை நண்பன் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். இரண்டில் எது அதிகம் வலிக்கும்? இன்று இரவு சாப்பிடும்போது உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.