நிழலுக்கு ஏது தீட்டு?

கிரகணம் என்றால் சோற்றுப் பானையில் தர்ப்பைப் புல், கர்ப்பிணிக்கு வீட்டுச்சிறை, விட்டதும் தலைமுழுக்கு. எல்லாம் தீட்டுக்காக. மாதவிலக்குக்கும் அதே சொல்தான். சேரிக்காரர் தொட்டாலும் அதே சொல்தான். சிற்றூர்களில் நடந்துவரும் அறிவியல் கூட்டங்களின் வரலாற்றை இந்தச் சொல்லை வைத்தே படிக்க வேண்டும் என்கிறோம்.

கிரகணம் வெறும் நிழல் என்று கி.பி. 499-லேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார். ஆனால் அது சமஸ்கிருதம் படித்தவர்களுக்குள்ளேயே சுற்றிவந்தது. பஞ்சாங்கம் கணித்தவர்கள் கிரகண நேரத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். மக்களுக்குப் பாம்பு விழுங்கும் கதையைக் கொடுத்தார்கள். அறிவு இருந்தது, தெருவுக்கு வரவில்லை.

தெருவிலோ நிழலே குற்றமாக இருந்தது. பேஷ்வாக்களின் ஆட்சியில் எதிரே ஓர் இந்து வந்தால் தீண்டப்படாதவர் பொதுத்தெருவில் நடக்கக் கூடாது. அவர் நிழல் பட்டால் தீட்டு. 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் இதை எடுத்துக்காட்டுகிறார். அதுவே லாகூரில் பேசுவதற்காக எழுதிய உரைதான். அழைத்தவர்களே கூட்டத்தை ரத்து செய்ததால் 1936-ல் தன் செலவில் அச்சிட்டார். பொதுமேடையில் யார், எதைப் பேசலாம் என்பதை இந்த நாட்டில் சாதிதான் முடிவுசெய்து வந்திருக்கிறது.

1980 பிப்ரவரி 16 அன்று முழு சூரிய கிரகணம் கர்நாடகம், ஆந்திரம் வழியாகக் கடந்தபோது நாட்டின் பல ஊர்களில் பட்டப்பகலில் தெருக்கள் வெறிச்சோடின. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962 முதலே இயங்கிவந்தது. 1987-ல் நாட்டின் ஐந்து முனைகளிலிருந்து அறிவியல் கலைப்பயணங்கள் கிளம்பி, நவம்பர் 7 அன்று விஷவாயு கொன்ற போபாலில் சேர்ந்தன. பாட்டும் நாடகமுமாக அறிவியல் பேருந்து நிலையத்துக்கும் பள்ளித் திடலுக்கும் வந்தது. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையின் கல்குவாரிப் பெண்கள்வரை போனது. 1995 அக்டோபர் 24 கிரகணத்தின்போது மக்கள் திரள்திரளாக வெளியே வந்து பார்த்தார்கள். இடைப்பட்ட 15 ஆண்டுகளில் எத்தனையோ ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் மாணவர்களும் சம்பளமில்லாமல் பேசியதற்கு இதில் பெரும் பங்குண்டு. அதை நாம் குறைத்துப் பேச மாட்டோம்.

ஆனாலும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

2019 டிசம்பர் 26, வளைய சூரிய கிரகணம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூருக்குப் போயிருந்தோம். ஊர்த்தெருப் பள்ளித் திடலில் கூட்டம். கிரகணத்தன்று மட்டும்தான் தாம்பாளத்து மஞ்சள் நீரில் உலக்கை நிற்கும் என்பார்களே, முந்தின நாளே நிறுத்திக் காட்டியாயிற்று. சிறு கண்ணாடித் துண்டால் சூரியனைச் சுவரில் விழவைத்தார்கள். காலை ஒன்பதரை மணியளவில் சுவரில் நெருப்பு வளையம் தெரிந்தது. திடலில் வைத்தே எல்லோரும் பொங்கல் சாப்பிட்டார்கள். காலனிப் பிள்ளைகள் மட்டும் மதில் ஓரமாகவே நின்றார்கள். ஒரு சிறுமி கேட்டாள்: "நிழலுக்குத் தீட்டு இல்லன்னா, எங்க தெருவுக்கு மட்டும் எப்படி சார் வந்துச்சு?" பேசிக்கொண்டிருந்தவர் நல்ல மனிதர்தான். சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அன்று மாலையே அந்தக் கண்ணாடித் துண்டையும் உலக்கையையும் கேட்டு வாங்கிக் காலனிக்குக் கொண்டுபோனோம். கிரகணம் முடிந்திருந்தது. அந்தக் கேள்வி முடியவில்லை. இரவு வெகுநேரம் அதைத்தான் பேசினோம்.

தோழர்களே, 2031 மே 21 அன்று தென்தமிழகத்தின் மேல் வளைய கிரகணம் மறுபடி கடக்கும். கூட்டம் போடுங்கள். முதல் கூட்டத்தைச் சேரியில் போடுங்கள், ஊர்க்காரர்கள் அங்கே வரட்டும். ராகு கேதுவைப் பற்றிப் பேசி முடித்ததும் உட்கார்ந்துவிடாதீர்கள். மனிதர்மேல் தீட்டு எப்படி வந்தது, அதனால் யாருக்கு லாபம் என்றும் பேசுங்கள். அந்தச் சிறுமிக்கு நாம் இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.